தாத்தா காலத்து சோபா ஃபிளாட்டுக்குள் நுழையுமா?

நாகர்கோவிலில் பூர்வீக வீட்டை விற்கப் போகிறார்கள். ஹாலில் மூன்று பேர் உட்காரும் மரச் சோபா ஒன்று, அதற்கு ஜோடியாக இரண்டு ஒற்றை நாற்காலிகள், முன்வராந்தாவில் பிரம்பு பின்னிய சாருகசேரை (சாய்வு நாற்காலி) ஒன்று. கேட்பவர் இருப்பது திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பக்கம் ஒரு ஃபிளாட்டில். "தம்பி எல்லாவற்றையும் ஆக்கர் கடையில் (பழைய சாமானை எடைக்கு எடுக்கிற கடையில்) போட்டுவிடலாம் என்கிறான். ஆனால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் இதே மாதிரி பழைய சோபாவைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்? கொண்டுபோகலாமா, வேண்டாமா?" இதுதான் அவர் கேள்வி.

கொண்டுபோங்கள். மூன்று பேர் சோபாவைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். சாருகசேரையைப் பற்றிச் சந்தேகமே இல்லை. நான் மார்த்தாண்டத்தில் குஷன் வேலையும் பாலிஷ் வேலையும் செய்கிறவன். எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து சாமான் வரும், வேலை முடிந்து பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஃபிளாட்டுகளுக்குப் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

பழைய சோபாவை ஏன் விரும்புகிறார்கள் என்று கேட்டால் எல்லாரும் உடனே சொல்வது பழைய ஞாபகம் என்பதைத்தான். உங்களுக்கு அது பொருந்தும், தாத்தா அதில் உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார். ஆனால் உங்களோடு வேலை பார்க்கிறவர்கள் வாங்குவது யாரோ ஒருவருடைய தாத்தாவின் சோபாவை. அவர்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பெஞ்சும் பாயும்தான் இருந்திருக்கும். ஞாபகத்தை வைத்து அதை விளக்க முடியாது. எனக்குத் தெரிந்த காரணம் ரொம்பச் சாதாரணமானது: அந்தச் சாமான்கள் பிரித்துத் திரும்பப் பூட்ட முடிகிற மாதிரிச் செய்யப்பட்டவை. துணி கிழியும், பஞ்சு அமுங்கும், பின்னல் அறும். அதையெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்கலாம், சட்டம் அப்படியே நிற்கும்.

உங்கள் சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். காலும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடத்தில் ஆணியோ ஸ்குரூவோ அநேகமாக இருக்காது. ஒன்றில் துளை குடைந்து, இன்னொன்றின் நுனியை நாக்காகச் சீவி உள்ளே இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்து நிறுத்தியிருப்பார்கள். ஒட்டுவதற்கு வச்சிரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. கட்டியாக வரும், ஊறவைத்துச் சூடாக்கித்தான் பூச வேண்டும், நாற்றம் தாங்காது. ஆனால் அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். ஆடுகிற ஜாயிண்டில் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் பிடி விட்டுப்போகும். பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதிதாகப் பூசி, கயிறு கட்டி முறுக்கி வைத்தால் மறுநாள் அசைத்தாலும் அசையாது. 1959-இல் பெவிகால் வந்த பிறகு ஆசாரிகள் வச்சிரம் காய்ச்சுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். வெள்ளைப் பசை பிடித்தால் பிடித்ததுதான், பிரிக்கப் போனால் மரமே கிழியும். செய்வது எளிதானது, ரிப்பேர் கஷ்டமானது.

இப்போது ஷோரூமில் வாங்கிய ஒரு சோபாவின் அடித்துணியைக் கிழித்துப் பார்த்தால் ரப்பர் மரமோ பைன் மரமோ, இடையிடையே ப்ளைவுட் துண்டு, வரிசையாக ஸ்டேப்ளர் பின், எலாஸ்டிக் பெல்ட், மேலே ஒட்டிய ஃபோம். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். மருந்து சரியாக ஏற்றிய ரப்பர் மரம் நல்ல மரம்தான், பால் வற்றிய மரத்துக்கு அது மரியாதையான முடிவும்கூட. மருந்து ஏறாவிட்டால் வண்டு விடாது, அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் தருவது மேலே போர்த்துகிற லெதர் மாதிரித் துணி. நிறையவற்றில் அது பாலியூரித்தேன் பூச்சுதான். காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கி வாங்கி அந்தப் பூச்சு உள்ளுக்குள்ளேயே உடைகிறது. நம்முடையது தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற பூமி. சில வருஷத்தில் வெள்ளை வேஷ்டியில் கறுப்புச் செதில் ஒட்டிக்கொண்டு வரும். துடைத்தோ ஒட்டியோ சரிசெய்ய வழியில்லை. முழுத்துணியையும் மாற்றக் கூலி கேட்டதும், வாங்கினவர் பேசாமல் புது சோபா பார்க்கப் போய்விடுவார். பழைய சோபாவுக்கு நகரத்தில் இத்தனை கிராக்கி வந்ததற்கு இந்தச் செதிலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒருமுறை அனுபவித்தவர்கள்தான் அடுத்து மரச்சட்டம் தேடி வருகிறார்கள்.

ஸ்பிரிங் வைத்த பழைய சோபா என்றால் உள்ளே பார்க்கவே அழகாக இருக்கும். அடியில் சணல் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடித்திருப்பார்கள். அதன் மேல் சுருள் ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளவற்றோடும் சட்டத்தோடும் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். அதற்கு மேல் சாக்கு, சாக்கின் மேல் தென்னந்தும்பு அல்லது குதிரைமுடி, கடைசியில் பஞ்சு. நம் பக்கம் வருகிறவற்றில் தும்புதான் அதிகம், தேங்காய்க்கு இங்கே பஞ்சமா? கட்டியாகிப்போன தும்பை வெளியே எடுத்து, வெயிலில் காயவைத்து, விரலால் பிரித்துவிட்டால் பாதிக்கு மேல் திரும்பப் பயன்படும். ஃபோம் அப்படியில்லை. மஞ்சளாகி, நொறுங்கி, கையில் மாவாக உதிர ஆரம்பித்தால் கதை முடிந்தது. ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் குறை இருக்காது, கட்டிய கயிறு அறுந்திருக்கும். அதனால் "ஸ்பிரிங் போச்சு, எடுத்துட்டு ஃபோம் போட்டுடலாம்" என்று ஒரு குஷன் கடைக்காரர் சொன்னால், இன்னொரு கடையில் காட்டுங்கள். ஸ்பிரிங் கட்டத் தெரியாதவர்கள்தான் அநேகமாக அப்படிச் சொல்வார்கள்.

சரி, மரம். குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்), பிலா (பலா), அயினி (காட்டுப்பலா வகை) இந்த நான்குதான் பெரும்பாலும். தேக்குக்கு ஊரே மரியாதை செய்யும், அதில் உள்ள எண்ணெய்ச் சத்துக்குக் கறையான் அஞ்சும். அதுவும் வைரத்துக்கு, அதாவது கெட்டியான நடுமரத்துக்குத்தான். ஓரத்து வெள்ளையைக் கறையான் தாராளமாகத் தின்னும். நிலம்பூரில் 1840-களிலேயே மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார், உலகத்தின் முதல் தேக்குத் தோட்டம் அதுதான் என்பார்கள். அப்போதே காட்டு மரம் குறைகிறது என்ற கவலை வந்துவிட்டது என்று அர்த்தம். ஈட்டி இன்னும் அரிது. அது சேர்ந்த மரப்பேரினம் (டால்பெர்ஜியா) முழுக்க 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டு நாற்காலி கருஞ்சிவப்பாக, தூக்கினால் எதிர்பார்த்ததைவிட எடையாக இருந்தால் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டாமல் விற்காதீர்கள்.

என்னைக் கேட்டால் பிலாவுக்குத்தான் ஓட்டு. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வந்து, அப்புறம் செம்பழுப்பாகும். எந்தச் சாயத்தாலும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது. "பிலா தானே" என்று அலட்சியமாக விலை பேசுகிறார்கள், நல்லதுதான், வாங்குகிறவருக்கு லாபம்.

இந்தச் சாமான்களின் வடிவம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பங்களாக்கள், திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதி தங்கிய ரெசிடென்சி, மலையில் தேயிலை எஸ்டேட்டுகள் இருந்தன. அங்கே பார்த்ததை உள்ளூர் ஆசாரிகள் தங்கள் மரத்தில், தங்கள் கைப்போக்கில் செய்தார்கள். அப்புறம் 1925-இல் பாரிஸில் நடந்த கண்காட்சியோடு பேர் வாங்கிய ஆர்ட் டெகோ பாணி பம்பாய், மெட்ராஸ் வழியாகச் சின்ன ஊர்களுக்கும் வந்தது. கைப்பிடி வளைந்து இறங்கி, முன்பக்கம் படிப்படியாகச் சீவிய கோடுகள் இருந்தால் உங்கள் சோபா அந்த வழியில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முந்தைய உட்காரும் பழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத்திடம். 1956 நவம்பர் 1-இல் எல்லை மாறியபோதும் அந்தப் பொறுப்பு மட்டும் அவர்களிடமே நின்றது. அங்கே பெரும்பாலும் கட்டிலும் திண்ணையும்தான் கண்ணில் படும். சோபா நமக்கு வந்து ரொம்பக் காலம் ஆகவில்லை என்பது அதிலேயே தெரியும்.

சாருகசேரைக்கு வருகிறேன். உங்களுடையது கைப்பிடி நீளமாக, அதன் அடியிலிருந்து இன்னொரு பலகை சுழன்று வெளியே நீளுகிற வகையாக இருந்தால், எஸ்டேட் துரைமார் காலை நீட்டிப் போட்டுப் படுத்த வகை அது. பூட்ஸ் கழற்றுவதற்காக என்றும் சொல்வார்கள். நகரத்து ஃபிளாட்டில் இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஏசி இல்லாத மத்தியானத்தில் ஃபோம் சோபாவில் உட்கார்ந்தால் முதுகு வேர்த்து ஒட்டும், பிரம்பு வழியாகக் காற்று போய்வரும். மழைக்காலத்தில் ஃபோமுக்குள் ஈரம் தங்கிப் பூசணம் வாடை வரும், பிரம்பில் தங்க இடமில்லை.

பிரம்புக்கு ஒரு வைத்தியம் உண்டு, இதை வீட்டிலேயே செய்யலாம். பின்னல் தொய்ந்து குழிந்திருந்து, இழை மட்டும் அறாமல் இருந்தால், கசேரையைக் கவிழ்த்து வையுங்கள். பிரம்பின் மேல்பக்கம் வழவழப்பானது, தண்ணீர் குடிக்காது. அடிப்பக்கம் சொரசொரப்பு, அதுதான் குடிக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அடிப்பக்கத்தில் கொஞ்ச நேரம் போட்டு வைத்துவிட்டு, எடுத்து நிழலில் காயவிடுங்கள். நேர்வெயில் வேண்டாம், பிரம்பு உலர்ந்து நொறுங்கும். மரத்தில் தண்ணீர் வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் விரலால் சுண்டினால் இறுகியது தெரியும். இழை அறுந்திருந்தால் இது உதவாது, பின்னுகிறவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் கொடுக்கும்போது சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கையால் இழை கோத்துப் பின்னியது, திரும்பவும் அப்படியே பின்னச் சொல்லுங்கள். ஆயத்தப் பிரம்புத் தாளை மேலே அழுத்தி ஒட்டிவிட்டு "அதேதான்" என்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் இழையும் வேண்டாம். ஒருமுறை தொய்ந்தால் அது தண்ணீருக்கெல்லாம் இறுகாது.

துணி மாட்டுகிற ஈஸி சேர் என்றால் வேலையே இல்லை. இரண்டு கம்பையும் உருவி, துணியைத் துவைத்துக் காயப்போட்டு, திரும்ப மாட்ட வேண்டியதுதான். கம்பு நுழைகிற மடிப்பை இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். சாய்வை மாற்றும் இடத்தில் குழந்தைகள் விரலை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நசுங்கினால் ஆஸ்பத்திரிதான்.

நகரத்து வீட்டுக்கு இவை ஏன் ஒத்துப்போகின்றன என்பதற்கு அளவும் ஒரு காரணம். பழைய மரச் சோபாவில் உட்காரும் உயரம் பெரும்பாலும் பதினாறு பதினேழு அங்குலம், ஆழம் அதிகமில்லை, கைப்பிடி கெட்டியான மரம். முட்டி வலி உள்ள அம்மா கைப்பிடியை ஊன்றி எழுந்துவிடுவார். இப்போதைய எல் வடிவ சோபா ஆழமாகவும் தாழ்வாகவும் இருக்கும், உள்ளே போனவரை வெளியே இழுக்க ஆள் வேண்டும். கால் உயர்ந்த சோபாவின் அடியில் தரை தெரியும், துடைப்பமும் போகும், இப்போது சில வீடுகளில் தானாக ஓடித் தரையைச் சுத்தம் செய்கிற அந்தத் தட்டு மெஷினும் போகும். தரை தெரிந்தால் சின்ன ஹாலும் அடைத்த மாதிரி இருக்காது.

மதிப்பு என்று வரும்போது சண்டிகர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950-களில் அந்த நகரத்தைக் கட்டியபோது, கட்டடக்கலைஞர் பியர் ஜானரே அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கும் பிரம்பும் வைத்து நாற்காலிகள் வடிவமைத்தார். நம் ஊர் ஆசாரி பார்த்தால் ரெண்டே நாளில் செய்துவிடுவேன் என்பார், அவ்வளவு எளிமை. பிற்பாடு உடைந்தவற்றை மாடியிலும் முற்றத்திலும் குவித்து, கழிவுச் சாமானாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப்போய்ச் சீர்செய்து, பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெரும் விலைக்கு விற்றார்கள். விழித்துக்கொண்ட மத்திய உள்துறை அமைச்சகம் 2011-இல் அவற்றை விற்கவோ வெளியே அனுப்பவோ கூடாதென்று உத்தரவு போட்டது. அதற்குள் நிறையப் போய்விட்டது. இன்று பெங்களூரிலும் கொச்சியிலும் அந்த நாற்காலியின் நகல் விற்கிறது. உங்கள் வீட்டு சோபாவுக்கு அப்படி ஒரு விலை வராது, ஆசை வேண்டாம். ஆக்கர் கடைத் தராசில் ஏறுகிற விலை மட்டும் அதன் விலை இல்லை என்பதற்காகத்தான் சொன்னேன். வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற உறவினர் யாராவது கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றால், நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப்பொருள்களை நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972-இன் தொல்பொருள் சட்டம் தடையாக இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

உங்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மட்டாஞ்சேரி ஜூ டவுனிலும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் நல்ல சாமான் உண்டு. புது மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிய 'பழைய' சாமானும் இந்த வியாபாரத்தில் எங்கும் உண்டு. முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறாமல் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே சாயம் அதே பளபளப்போடு இருந்தால் சந்தேகப்படுங்கள். கூட்டல் குறித் தலை ஸ்குரூ முதலிலிருந்தே இருக்கிறது என்றால் அவ்வளவு பழசாக இருக்க வாய்ப்பில்லை. உண்மையான தேய்மானம் கை படுகிற இடத்தில் இருக்கும்: கைப்பிடி நுனி, முன்சட்டத்தின் மேல்விளிம்பு, பின்காலின் அடி. எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. சின்னத் துளைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தட்டினால் புதிதாக மாவு கொட்டினால்தான் வண்டு உயிரோடு இருக்கிறது, அப்போது மருந்து ஊசி போடாமல் வீட்டுக்குள் ஏற்றக் கூடாது.

பாலிஷைப் பொறுத்தவரை, மறைவான இடத்தில் ஒரு சொட்டு பாலிஷ் ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கைக் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்த பழைய பிரெஞ்ச் பாலிஷ். முழுவதும் சுரண்டத் தேவையில்லை, துடைத்துவிட்டு மேலே இரண்டு கை தேய்த்தாலே உயிர் வந்துவிடும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், அந்தக் குறை உண்டுதான். அதற்குப் பயந்து மெலமைன் என்கிற கெட்டிப் பூச்சை அடித்துக் கண்ணாடியாக்கிவிடுகிறார்கள். அடுத்த முறை அதைச் சுரண்டுகிறவனுக்குத்தான் அதன் வேதனை தெரியும். இருக்கைக்குப் புது ஃபோம் போடுவதென்றால் நாற்பது டென்சிட்டிக்குக் குறையாமல் நான்கு அங்குலம், முதுகுக்கு முப்பத்திரண்டு போதும். மூன்று பேர் சோபாவுக்கு ஐந்து மீட்டர் துணியாவது பிடிக்கும். நம் ஈரத்துக்குக் கெட்டிப் பருத்தி நல்லது, உறையை ஜிப் வைத்துத் தைத்தால் கழற்றித் துவைக்கலாம்.

கடைசியாக அந்தச் சந்தேகம். பழைய மூன்று பேர் சோபா ஆறடிக்கு மேல் நீளம் இருக்கும், கால் கழலாது, லிஃப்டில் நிறுத்திவைக்கவும் முடியாமல் போகலாம். படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு பாலிஷ் உரிந்து வந்த சாமான்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். கால்களை வெட்டி எடுத்துத் திருகாணி வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், துளையில் இறங்கிய அந்த நாக்கோடு சோபாவின் பலமும் போய்விடும். முதலில் லிஃப்டின் உள்ளளவு, கதவகலம், படித்திருப்பம் மூன்றையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடிக்கும் என்று தெரிந்தால் இரண்டு ஒற்றை நாற்காலியையும் சாருகசேரையையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, நீளச் சோபாவைத் தனி வீட்டில் இருக்கிற உறவினர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஏற்றுவதை மழை குறைந்த ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டித் திறந்த வண்டியில் போகும்போது ஒரு மழை பிடித்தாலும் பிரெஞ்ச் பாலிஷ் முழுக்க வெளுத்துவிடும். தார்ப்பாயோடு ஒரு பழைய கம்பளியும் கேளுங்கள், கைப்பிடியில் சுற்றுவதற்கு. ஃபிளாட்டில் ஏசிக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் மட்டும் எதையும் போடாதீர்கள், மரம் சுருங்கி ஜாயிண்டு விடும்.